எம்.ஆர்.ராதாவின் ரிவால்வர்: அந்தத் தோட்டாக்கள் ஏன் உயிரைப் பறிக்கவில்லை?

1967 ஜனவரி 12, மாலை. சென்னை ராமாவரம் தோட்டத்தில் இருக்கும் எம்.ஜி.ஆர். வீட்டுக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் தயாரிப்பாளர் கே.கே.வாசு. இன்னொருவர் எம்.ஆர்.ராதா. இந்த மூன்று பேரும் சேர்ந்த 'பெற்றால்தான் பிள்ளையா' படம் வெளியாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே துப்பாக்கி வெடிக்கிறது. எம்.ஜி.ஆருக்கு இடது காது ஓரமாகக் குண்டு பாய்ந்து கழுத்தில் தங்கிவிடுகிறது. ராதாவின் தலையிலும் கழுத்திலும் குண்டுக் காயம்.

ரொம்ப கிட்டத்தில் இருந்து, உயிர்நிலையான இடத்தில், இரண்டு பேர் மீது குண்டு பாய்ந்திருக்கிறது. ஆனா, இரண்டு பேருமே பிழைத்துவிட்டார்கள். எப்படி?

இந்தக் கேள்விக்கு நீதிமன்றத்தில் கிடைத்த பதில் சினிமா கதையை விட விசித்திரமானது. அதைப் புரிந்துகொள்ள, அந்த ரிவால்வரை வைத்திருந்தவர் யார் என்று முதலில் பார்க்கணும்.

மீன் துண்டில் தொடங்கிய வாழ்க்கை

மெட்ராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன். இதுதான் எம்.ஆர்.ராதா. 1907 ஏப்ரல் 14-ல் சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் இருந்தவர். ராதா சின்னப் பையனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். சாப்பாட்டில் இன்னொரு துண்டு மீன் கேட்டதற்கு அம்மா அடித்துவிட்டார் என்று கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஓடிப்போன பையனை எழும்பூர் ரயில் நிலையத்தில் பார்த்து, நாடகக் கம்பெனிக்கு ஒருவர் கூட்டிப் போனார். அன்றிலிருந்து மேடைதான் அவருக்குப் பள்ளிக்கூடம், வீடு எல்லாம்.

அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் நடிப்பு மட்டும் கற்றால் போதாது. சீன் இழுக்கணும், விளக்கு பார்க்கணும், சமைக்கக்கூட வேண்டி வரும். ராதாவுக்கு மெக்கானிக் வேலையிலும் எலெக்ட்ரிக் வேலையிலும் தனி ஆர்வம். எதையும் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுகிற ஆள் என்று பெயர் எடுத்தவர். 1937-ல் 'ராஜசேகரன்' படத்தில் சினிமாவுக்கு வந்தார். அது பெரிதாகப் போகவில்லை. சில படங்களுக்குப் பிறகு மறுபடி மேடைக்கே திரும்பினார்.

அவரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது திருவாரூர் கே.தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகம். வெளிநாடு போய்வந்த பணக்கார மோகன், திமிர், பெண் பித்து, கடைசியில் தொழுநோய். ஆயிரக்கணக்கான முறை மேடையேறிய இந்த நாடகத்தை 1954-ல் கிருஷ்ணன் - பஞ்சு படமாக்கினார்கள். இன்றைக்கும் மீம்களில் அந்தக் கரகரத்த குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குரல் யாருடையது என்று தெரியாமலேயே பலர் ஃபார்வர்டு செய்கிறார்கள்.

ராதா பெரியாரின் தொண்டர். அவருடைய ராமாயண நாடகம் கிளப்பிய எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. 1954-ல் சென்னை மாகாண அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தப் புதிய சட்டம் கொண்டு வந்தது. அதற்கு முக்கியக் காரணமே ராதாதான் என்று அன்றைக்குப் பரவலாகப் பேசப்பட்டது. தடை, கைது, மறுபடி மேடை என்று வருடக்கணக்கில் இது ஓடியது. மேடையில் கல்வீச்சுக்கும் அவர் அசராதவர். நடிகவேள் என்பது ரசிகர்கள் வாயில் நிலைத்த பட்டம். சென்னை வேப்பேரியில் பெரியார் திடலில் உள்ள அரங்கத்துக்கே அவர் பெயர்தான், ராதா மன்றம்.

1959-ல் 'பாகப்பிரிவினை' வந்த பிறகு சினிமாவில் அவருக்கு இரண்டாவது இன்னிங்ஸ். 'பாவ மன்னிப்பு', 'பாலும் பழமும்', 'பலே பாண்டியா', 'கற்பகம்' என்று வரிசையாகப் படங்கள். எம்.ஜி.ஆரோடும் நிறைய, 'தாய் சொல்லைத் தட்டாதே', 'தாயைக் காத்த தனயன்', 'பெரிய இடத்துப் பெண்'. ஆசையாக வாங்கிய இம்பாலா காரில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிப் போனார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. பொருளின் மதிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் அதைப் புழங்குகிற மனிதர். ரிவால்வர் விஷயத்திலும் இந்தக் குணம் பேசியிருக்கிறது என்றே தோன்றுகிறது.

என்.எஸ்.கே. மீது வந்த கோபம்

துப்பாக்கி ராதாவின் வாழ்க்கையில் 1967-ல் திடீரென்று நுழைந்த ஒன்று அல்ல. அதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு சம்பவம். 'இழந்த காதல்' நாடகத்தில் ராதா செய்த ஜெகதீஷ் பாத்திரம் செம ஹிட். அதே கதை படமானபோது அந்த வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை. படத்தின் பின்னால் இருந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், ராதாவின் நெருங்கிய நண்பர். நண்பனே ஏமாற்றிவிட்டான் என்ற ஆத்திரத்தில் என்.எஸ்.கே.யைச் சுடுவதற்காக ராதா துப்பாக்கி தேடியதாகவும், விஷயம் தெரிந்து என்.எஸ்.கே. தானே நேரில் வந்து பேசிச் சமாதானப்படுத்தியதாகவும் சொல்வார்கள். சிறையிலிருந்து வந்த பிறகு ராதா தன் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னவற்றை எழுத்தாளர் விந்தன் தொகுத்திருக்கிறார். அதனால் இந்த மாதிரிக் கதைகளில் பலவும் அவர் வாயாலேயே வந்தவை.

இந்தக் கதையை ஜாலியாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். உண்மையில் இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆத்திரம் வந்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒத்திகை. அன்றைக்கு நடுவில் பேசுவதற்கு நேரம் இருந்தது. ராமாவரம் தோட்டத்தில் அது இல்லை.

அந்த மாலை, அதற்குப் பின்

எம்.ஜி.ஆருக்கு 50 வயது நிறைய இன்னும் ஐந்து நாள்தான் பாக்கி. ராதாவுக்கு 59. ஒருவர் தி.மு.க. வேட்பாளர், பரங்கிமலைத் தொகுதி. இன்னொருவர் திராவிடர் கழகத்துக்காரர். அந்தத் தேர்தலில் பெரியாரின் ஆதரவு காமராஜரின் காங்கிரஸுக்கு. படத் தயாரிப்பு, பணம், அரசியல் என்று உரசலுக்கு வேண்டிய எல்லாமே இருந்தது. எது உண்மையான காரணம் என்று இன்றும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

செய்தி பரவியதும் சென்னை கொந்தளித்தது. ராயப்பேட்டை மருத்துவமனை வாசலில் கூட்டம். பிறகு இரண்டு பேருக்கும் அரசு பொது மருத்துவமனையில் சிகிச்சை. கழுத்தில் கட்டுப் போட்டுப் படுக்கையில் இருக்கும் எம்.ஜி.ஆரின் படம் போஸ்டராகத் தமிழ்நாடு முழுக்க ஒட்டப்பட்டது. அவர் பிரசாரத்துக்கே போகாமல் ஜெயித்தார். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது, 1967 மார்ச் 6-ல் அண்ணா முதல்வரானார். தேர்தல் முடிவுக்கு அந்த போஸ்டர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்பு எல்லாம் இருந்தது. ஆனா, போஸ்டருக்கும் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வழக்கு செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடந்தது. யார் சுட்டது, எந்தத் துப்பாக்கி என்பதுதான் மையக் கேள்வி. குற்றத்தை ராதா தரப்பு மறுத்தது. இந்த இடத்தில்தான் தடயவியல் உள்ளே வருகிறது.

ரிவால்வர் குழலுக்குள் பார்த்தால் திருகு மாதிரி வளைந்து போகும் கோடுகள் இருக்கும். குண்டு சுழன்றபடி நேராகப் போவதற்காக வெட்டப்பட்டவை. ஈயக் குண்டு அதன் வழியாக உரசிப் போகும்போது அதன் மேல் கீறல்கள் விழும். இரண்டு துப்பாக்கிகள் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருந்தாலும் நுணுக்கமான கீறல்கள் ஒன்றாக இருக்காது. சந்தேகத்துக்குரிய துப்பாக்கியில் இன்னொரு குண்டைச் சுட்டு, இரண்டையும் மைக்ரோஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். இந்த வழக்கில் நீதிமன்றம் வந்த முடிவு, சுட்டவர் ராதாதான் என்பது. 1967 நவம்பர் 4-ல் அவருக்கு ஏழு ஆண்டு கடுங்காவல் தண்டனை.

டிராயரில் கிடந்த தோட்டாக்கள்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கிட்டத்தில் சுட்டும் ஏன் இரண்டு உயிரும் போகவில்லை? விசாரணையில் வெளிவந்த விளக்கம் இதுதான்: ராதா வைத்திருந்த தோட்டாக்கள் பல வருடங்களுக்கு முன்பு வாங்கியவை. மேஜை டிராயரில் கிடந்தவை. டிராயரைத் திறக்கும்போதும் மூடும்போதும் உருண்டு, ஒன்றோடு ஒன்று உரசி உரசி வீரியம் குறைந்துவிட்டன.

இது நம்புகிற மாதிரி இருக்கிறதா? ஒரு தோட்டா எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், இருக்கிறது.

தோட்டாவில் நாலே நாலு பாகம். வெளியே பித்தளைக் கூடு. அதன் பின்பக்கம் சின்னதாக ஒரு மூடி, பிரைமர் என்பார்கள். துப்பாக்கியின் ஊசி அதில் அடிக்கும்போது பொறி வரும். கூட்டுக்குள் வெடிமருந்து. வாயில் இறுக்கமாகச் செருகிய ஈயக் குண்டு. பொறி பட்டதும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த அழுத்தம்தான் குண்டைத் தள்ளுகிறது. இந்த இறுக்கம் முக்கியம். குக்கரில் கேஸ்கட் லூஸாகிவிட்டால் விசில் வராது இல்லையா, அதே கதைதான். குண்டு தளர்ந்திருந்தால் அழுத்தம் ஏறுவதற்கு முன்பே வாயு கசிந்துவிடும். தளர்ந்த இடைவெளி வழியாக ஈரம் போனால் மருந்தும் சரியாக எரியாது. சென்னை மாதிரி கடற்கரை ஊரில் காற்றிலேயே ஈரம்.

நன்றாகப் பணிபுரியும் ரிவால்வர் குண்டு நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் வேகத்தில் வெளியே வரும். வீரியம் போன தோட்டாவில் இருந்து அரைகுறை வேகத்தில் வரும் குண்டு சதைக்குள் போகும், எலும்பில் தடுக்கி நிற்கும். எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு தங்கிப்போனதும், ராதா பிழைத்ததும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இன்னொன்றும் உண்டு. வெறும் வயது மட்டும் தோட்டாவைக் கெடுப்பதில்லை. காற்றுப் புகாத பெட்டியில், உலர்ந்த இடத்தில் இருந்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் தோட்டா முழு வேகத்தில் வெடிக்கும். அதாவது அன்றைக்கு இரண்டு பேரைக் காப்பாற்றியது காலம் இல்லை. அஜாக்கிரதையாகப் போட்டுவைத்த ஒரு டிராயர்.

கம்மி விலைத் துப்பாக்கி நம்பகமானதா?

முதல் தடவை துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் உலகம் முழுக்கக் கேட்கும் கேள்வி இது. அமெரிக்காவில் இதற்கு நீளமான வரலாறு இருக்கிறது. ராதா சிறையில் இருந்த 1968-ல்தான் அங்கே மலிவான சின்னக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சாட்டர்டே நைட் ஸ்பெஷல் என்று அவற்றுக்குப் பட்டப்பெயர். உடனே கலிஃபோர்னியாவில் உள்ளூர் கம்பெனிகள் முளைத்தன. எஃகுக்குப் பதிலாக துத்தநாகக் கலவையை உருக்கி வார்த்து, மலிவு விலையில் விற்றன. தோட்டா சிக்கிக்கொள்வது, பாகங்கள் சீக்கிரம் தேய்வது, கீழே விழுந்தால் வெடிப்பது என்று புகார்கள் குவிந்தன. இன்றைய பட்ஜெட் மாடல்கள் அந்த அளவுக்கு மோசம் இல்லை. எஃகும் இயந்திரத் துல்லியமும் மலிவாகிவிட்டதால், அடிப்படை வேலையை ஒழுங்காகச் செய்யும் மலிவு மாடல்கள் நிஜமாகவே இருக்கின்றன.

ரிவால்வரா, பிஸ்டலா என்பதும் இதில் சேரும். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்த அறை சுழன்று வந்துவிடும். பிஸ்டலில் வெடித்த வேகத்தில்தான் அடுத்த தோட்டா மேலே ஏறும். தோட்டா வீக்காக இருந்தால் பாதியில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் பழைய, பராமரிக்காத ரிவால்வர்கூட ஒரு அவசரத்தில் வெடித்துவிடுகிறது. ராதாவின் ரிவால்வர் சொதப்பவில்லை என்பதைக் கவனிக்கணும். சொதப்பியது தோட்டா.

வீரியம் போன தோட்டாவில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. குண்டு வெளியே வராமல் குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும்; பாதிக்கப்படுவது சுட்டவரின் கையும் முகமும்தான். புதிதாகத் துப்பாக்கி பிடிப்பவருக்கு, சத்தம் வழக்கத்தை விடக் குறைவாக இருந்தால் நிறுத்தணும் என்பதே தெரிந்திருக்காது.

இந்தியாவில் கதை வேறு. இங்கே மலிவான கைத்துப்பாக்கி என்று சட்டப்படி பெரிதாக எதுவும் கிடையாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டாகூட வைத்திருக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி, லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு. பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும் 2016 விதிகள் கேட்கின்றன. 9 மி.மீ. பிஸ்டல் மாதிரி ராணுவ, போலீஸ் அளவுகள் பொதுமக்களுக்கு இல்லை. அரசுத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர்தான் பல வருடங்களாகப் பலருக்கும் சாய்ஸ். 2014-ல் பெண்களுக்கென்று கான்பூரில் இருந்து வந்த 'நிர்பீக்' ரிவால்வர் அரை கிலோ எடைதான்; விலையோ 1.22 லட்சம் ரூபாய். பாதுகாப்புக்கு இதுவா வழி என்று பெண்கள் அமைப்புகளே அன்றைக்கு விமர்சித்தன.

அப்படியானால் இங்கே பட்ஜெட் துப்பாக்கி என்பது எது? நாட்டுத் துப்பாக்கி. தருமபுரியில் இருந்து இண்டூர் வழியாக பென்னாகரம், ஒகேனக்கல் என்று போனால் காடு நெருங்க நெருங்கக் காட்டுப்பன்றித் தொல்லையும் கூடவே வரும். ஒரே ராத்திரியில் கடலைக் காட்டையும் மரவள்ளியையும் பன்றிக் கூட்டம் புரட்டிப் போட்டுவிட்டால் விவசாயிக்கு ஒரு வருட உழைப்பு போச்சு. அந்தக் கோபம் நியாயமானது. அதற்குப் பதில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்பதுதான் சிக்கல். இந்த மாவட்டத்தின் மலையோர கிராமங்களில் இவற்றைத் தாங்களாகவே ஒப்படைக்கச் சொல்லி போலீஸும் வனத்துறையும் திரும்பத் திரும்ப அறிவிப்பது இதனால்தான். எந்தக் குழாய், எவ்வளவு அழுத்தம் தாங்கும், எவ்வளவு மருந்து என்று எதற்கும் அளவு கிடையாது. தொழிற்சாலைத் துப்பாக்கியின் ஒவ்வொரு குழலையும் வழக்கத்தை விட அதிக அழுத்தத்தில் வெடித்துச் சோதித்த பிறகே முத்திரை குத்துவார்கள். நாட்டுத் துப்பாக்கிக்கு முதல் சோதனையே அதைத் தோளில் வைத்திருப்பவர்தான்.

சிறைக்குப் பின்

மேல்முறையீட்டில் ராதாவின் தண்டனைக் காலம் குறைக்கப்பட்டது. 1971-ல் வெளியே வந்தார். நாலு வருடத்துக்கு மேல் உள்ளே. 60 வயதைத் தாண்டிய நடிகருக்கு அது பெரிய இடைவெளி. மறுபடி நாடகம் போட்டார், 'சமையல்காரன்' மாதிரி சில படங்களில் நடித்தார். பழைய வேகத்தில் வாய்ப்புகள் வரவில்லை. நெருக்கடி நிலையின்போது மிசா சட்டத்தில் மறுபடியும் சிறை. இந்த முறை துப்பாக்கிக்காக அல்ல, அரசியலுக்காக.

எம்.ஜி.ஆர். பக்கம் இழப்பு வேறு மாதிரி. குண்டுக் காயத்தால் அவர் குரல் நிரந்தரமாக மாறிப்போனது. இடது காது கேட்பதும் பாதிக்கப்பட்டது. உச்சத்தில் இருக்கும் ஒரு ஹீரோ வசனம் பேசத் திணறினால் மார்க்கெட் என்ன ஆகும்? வேறு ஒருவரை டப்பிங் பேச வைத்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. 1967 செப்டம்பரில் வந்த 'காவல்காரன்' படத்தில் அந்த மாறிய குரலிலேயே பேசினார். ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு 20 வருடம் படத்திலும் மேடையிலும் சட்டமன்றத்திலும் தமிழ்நாடு கேட்டது அந்தக் குரலைத்தான். மிமிக்ரி மேடைகளில் எம்.ஜி.ஆர். என்று சொல்லி வாயைக் குழறிப் பேசுபவர்கள் பலருக்கு, அது ஒரு குண்டுக் காயம் என்பது ஞாபகம் இருக்குமா தெரியவில்லை.

1977-ல் எம்.ஜி.ஆர். முதல்வரானார். 1979 செப்டம்பர் 17-ல், மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டிருந்த எம்.ஆர்.ராதா திருச்சியில் இறந்தார். அவருக்கு வயது 72.